'எந்தச் சபை?' – குமரி மாவட்டத்தில் ஏழு நாள்

நவம்பர் 30, ஞாயிறு – நாகர்கோவில்

வடசேரி பஸ் ஸ்டாண்டில் விடிகாலையில் இறங்கும்போதே தூற்றல். கட்டஞ்சாயா 10 ரூபாய், பால் சாயா 15, எண்ணெய் சொட்டும் பழம்பொரி 12. கிளாஸ் கைக்கு வருவதற்குள் கடைக்காரர் கேட்டுவிட்டார்: "ஆராதனைக்கு வந்தியளா? எந்தச் சபை?" ஊரைக் கேட்பதற்கு முன்னால் சபையைக் கேட்பது இந்த மாவட்டத்து வழக்கம். கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ., லுத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே, ஆர்த்தடாக்ஸ், மலங்கரை கத்தோலிக்கம் எல்லாம் ஒரே பஸ் ரூட்டில் வரும். பதில் எதுவானாலும் சாயாவில் சர்க்கரை குறையாது.

இயேசுவுக்கு அதிகாரம் உண்டு, இயேசு இரட்சிக்கிறார் என்ற இரண்டு வாக்கியத்தையும் இந்தச் சபைகள் எல்லாமே சொல்கின்றன. சொல்லும் விதத்தில்தான் வேறுபாடு. ஒரு சபை தண்ணீரைக் காட்டும், ஒரு சபை அப்பத்தைக் காட்டும், இன்னொன்று கொடியைக் காட்டும். அதைப் போய்ப் பார்ப்பதுதான் இந்த ஏழு நாள் சோலி.

இன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஹோம் சர்ச் என்று எல்லோரும் சொல்லும் சி.எஸ்.ஐ. கற்கோவிலுக்கு 1819-ல் அடிக்கல் போட்டவர் ரிச்சர்ட் நில். அவருக்கு முன்னால், 1806-ல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயிடமிருந்துதான் தென் திருவிதாங்கூரின் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபை வரலாறு தொடங்குகிறது. கருங்கல் சுவர் மழை நாளில் ஈரம் விடும். ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தால் முதுகு சில்லென்று ஆகிவிடும், நடுவே உட்காருவது நல்லது.

ஆராதனையில் கவனிக்க வேண்டியது வரிசை. பாவ அறிக்கை முன்னால் வரும், மன்னிப்பின் வார்த்தை அதற்குப் பின்னால், வேதபாடங்கள் அதற்கும் பின்னால். மன்னிப்பைச் சொல்பவர் ஆயர், மன்னிப்பவர் அவர் அல்ல. ரிஜிஸ்டர் ஆபீசில் தீர்ப்பின் நகலைப் படித்துக் காட்டுகிற குமாஸ்தாவுக்குத் தீர்ப்பில் எவ்வளவு பங்கோ, அவ்வளவுதான் ஆயருக்கும். சபையில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ஆயர் நல்லவரா என்று ஆராய்ச்சியில் இறங்கிவிடுகிறார்கள்.

சுவிசேஷங்களில் 'அதிகாரம்' என்று வருகிற இடத்தில் கிரேக்கச் சொல் 'எக்ஸூஸியா'. பலத்துக்கு வேறு சொல், 'டூனமிஸ்'. ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்க்கக் கோடாலி பிடித்த எவனுக்கும் பலம் உண்டு. விற்க வேண்டுமானால் பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அதிகாரம். மாற்கு முதல் அதிகாரத்தில் கப்பர்நகூம் ஜெப ஆலயத்தார் ஆச்சரியப்பட்டது இதற்காகத்தான். வேதபாரகர் என்ற யூதச் சட்ட அறிஞர்கள், இன்ன ரபி இப்படிச் சொன்னார் என்று மேற்கோள் காட்டிப் பேசுவார்கள். இயேசுவோ 'நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்' என்றார். பத்திரம் தன் பேரில் இருக்கிறவர் பேசுகிற பேச்சு அது.

மத்தியானம் சாப்பாடு 90 ரூபாய். தீயலும் அவியலும் சரியாக இருந்தன, சாம்பார் இல்லாமலே சோறு இறங்கியது.

டிசம்பர் 1, திங்கள் – புலியூர்க்குறிச்சி, உதயகிரி

தக்கலை பஸ்ஸில் புலியூர்க்குறிச்சி ஸ்டாப். கண்டக்டரிடம் 'முட்டிடிச்சான் பாறை' என்றால் போதும். "மக்களே, வளுக்கும், பாத்து எறங்கு" என்று பின்சீட்டுப் பாட்டி சொன்னது பஸ் படிக்கும் பொருந்தும், பாறைக்கும் பொருந்தும்.

நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் 1741-ல் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவரான டச்சுக் கம்பெனிக்காரர் டிலனாயின் பழக்கத்தால் கிறிஸ்துவை அறிந்தார். 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். 1749-ல் கைது. எருமை மேல் பின்புறம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், புண்ணில் மிளகாய் தேய்த்தார்கள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டார்கள். தாகத்தில் தவித்தவர் முட்டியால் இடித்ததும் நீர் சுரந்த இடம் இந்தப் பாறை என்பது மக்கள் நம்பிக்கை. சிறிய குழிதான். அதில் நிற்கும் நீரைப் பெண்கள் கரண்டியால் அள்ளி மருந்து பாட்டிலில் ஊற்றிக்கொள்கிறார்கள். பாட்டில் கொண்டுவர மறந்தால் பக்கத்துக் கடையில் காலி பாட்டில் கிடைக்கும், 10 ரூபாய்.

புனிதர் இரட்சகர் அல்ல. கத்தோலிக்க போதனையும் இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதருக்கு வணக்கம் மட்டும். புனிதரிடம் கேட்பது பரிந்துரை. பட்டம் கொடுக்கும் முறையிலும் இந்தக் கணக்கு உண்டு. விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் தரப் புதுமை (அற்புதம்) தேவையில்லை, ரத்தமே சாட்சி. அது 2012 டிசம்பர் 2-ல் நாகர்கோவிலில் நடந்தது. புனிதர் பட்டத்துக்கு ஒரு புதுமை நிரூபணமாக வேண்டும், அது 2022 மே 15-ல் ரோமில். புதுமையைச் செய்தவர் கடவுள், கேட்டவர் புனிதர் என்றே அந்த விசாரணையில் எழுதுவார்கள். பட்டத்தில் 'பிள்ளை' என்ற சாதிப் பெயர் நீக்கப்பட்டது. எல்லாச் சாதியாரோடும் சரிசமமாகப் பழகியதும் சேர்ந்துதான் அவரைச் சிறைக்கு அனுப்பியது, ஆகவே நீக்கியது சரி என்றே தோன்றுகிறது.

உதயகிரிக் கோட்டைக்குள் கூரையில்லாத சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1777-ல் இறந்தவர். கல்லில் இலத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். மழைக்கு ஒதுங்க இடமில்லை, குடை கட்டாயம்.

அந்தக் கல்லறைக்கும் காற்றாடி மலைக்கும் நடுவில் வைத்துப் படிக்க வேண்டிய இடம் யோவான் 19. உன்னைச் சிலுவையில் அறையவும் விடுதலை செய்யவும் எனக்கு அதிகாரம் உண்டு என்கிறான் பிலாத்து. 'பரத்திலிருந்து உமக்குக் கொடுக்கப்படாதிருந்தால், என்மேல் உமக்கு ஒரு அதிகாரமுமிராது' என்று பதில் வருகிறது. கட்டப்பட்டு நிற்பவர், எதிரே உட்கார்ந்திருப்பவனின் அதிகாரம் இரவல் என்கிறார். அதே சுவிசேஷம் பத்தாம் அதிகாரத்தில், தம் ஜீவனைக் கொடுக்கவும் மறுபடியும் எடுத்துக்கொள்ளவும் தமக்கு அதிகாரம் உண்டு என்று முன்பே சொல்லியிருக்கிறார். சிலுவையில் அவர் மாட்டிக்கொள்ளவில்லை, தாமே கொடுத்தார். இதை விட்டுவிட்டால் தேவசகாயத்தின் கதை வெறும் கொடுமைக் கதையாகிவிடும்.

டிசம்பர் 2, செவ்வாய் – குளச்சல்

கடல் கறுத்திருந்தது. படகுகள் கரையேறி நிற்க, வலை பின்னும் ஆட்கள் தார்ப்பாய்க்கு அடியில். மீன் வரத்து இல்லாததால் சாளை கூடத் தங்க விலை. நெய்மீன் கிலோ 900 என்று ஒருவர் சொல்ல, "ஐஸ் மீன் அது, வாங்காதீங்க" என்று அடுத்த கூடைக்காரம்மாவே காதில் சொன்னார். கடலோர ஊரில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதை யாரும் தப்பாக எடுப்பதில்லை, பார்க்காவிட்டால்தான் ஏமாளி என்பார்கள். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் ஒரு தட்டு 80 ரூபாய். கறியில் குடம்புளி, தேங்காய் அரைப்பு. கிழங்கைத் தோண்டி இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் உள்ளே நீல நரம்பு ஓடும், வேகாது. இந்தக் கடையில் வெந்திருந்தது.

படகுகளின் பெயர்கள் இயேசு, மாதா, அந்தோணியார், மிக்கேல். பெயர் எழுதுவது அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில். இந்தச் சொல்லுக்காகவே இங்கே வந்து மாற்கு நான்காம் அதிகாரம் படிக்கலாம். இயேசு தலையணை வைத்துத் தூங்கியது 'பின்னணியத்தில்' என்று பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. நகரத்துச் சபையில் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். இங்கே வலை பின்னுகிற பையனே கையை நீட்டி இடத்தைக் காட்டுவான்.

கதையைக் கடல் தெரிந்தவர் படிக்கிற மாதிரி படித்தால் நான்கு விஷயம் பிடிபடும். கலிலேயா ஏரி கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 210 மீட்டர் கீழே கிடக்கிறது, சுற்றிலும் மேடு. மேட்டுக் குளிர்காற்று திடீரென்று இறங்கும். அதனால் மீன்பிடித்தே வளர்ந்த ஆட்களும் சிக்கிக்கொண்டார்கள், அவர்களுடைய பயம் கற்றுக்குட்டியின் பயம் அல்ல. அடுத்தது, கிளம்பும்போது அவர் கொடுத்த வார்த்தை 'அக்கரைக்குப் போவோம் வாருங்கள்' என்பது. வழியில் காற்று அடிக்காது என்று எங்கேயும் சொல்லவில்லை. மூன்றாவது, எழுந்து காற்றை 'அதட்டினார்' என்ற சொல். முதல் அதிகாரத்தில் அசுத்த ஆவியை அதட்டியதும் இதே வினை. 'அமைதலாயிரு' என்பதன் கிரேக்கம் வாயைக் கட்டுவதைக் குறிப்பது, ஆவியைப் பேசாமலிருக்கச் சொன்னபோதும் அதுவேதான் வந்தது. நான்காவது, பழைய ஏற்பாட்டில் கடலை அடக்குவது கடவுளின் தனி உரிமை. சங்கீதம் 89-ம் 107-ம் அதைத்தான் பாடுகின்றன. ஆகவே கடைசியில் சீஷர் கேட்கும் 'இவர் யாரோ?' என்ற கேள்வி பாராட்டு அல்ல, நடுக்கம். புயலில் பயந்ததைவிடப் புயல் நின்றபின் அவர்கள் அதிகமாகப் பயந்தார்கள் என்பதை மாற்கு கவனமாக எழுதியிருக்கிறார்.

இந்தக் கரையில் இதைப் பிரசங்கிப்பது எளிதல்ல. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் அலை எடுத்தவர்களைக் கொத்தாகப் புதைத்தார்கள். ஒக்கி புயல் 2017 நவம்பர் 30, கோட்டார் திருவிழா நடக்கும் வாரம். ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. பலருடைய உடல் கூடக் கரைக்கு வரவில்லை. நேற்றும் முந்தாநாளும் அவர்களுக்காக ஏற்றிய மெழுகுவர்த்திகளின் கட்டி மழையில் நனைந்து மணலில் கிடந்தது. விசுவாசம் இருந்தால் புயல் தொடாது என்று வெளியூரிலிருந்து வந்து மைக் பிடிப்பவர்கள் உண்டு. அப்படிச் சொன்னால் திரும்பி வராதவனுக்கு விசுவாசம் இல்லை என்று அவன் பெண்டாட்டி முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். இந்த வேதபாகம் அதைச் சொல்லவே இல்லை. 'நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா' என்று கத்தி எழுப்பியவர்களை அவர் படகிலிருந்து இறக்கிவிடவில்லை. இங்கே திருப்பலியில் இறந்தோர் பெயர்களை வாசிக்கும்போது ஆண்கள் எழுந்து நிற்பார்கள். கடல் இன்னும் கொடுக்க வேண்டியதை ஒருநாள் கொடுக்கும் என்று வெளிப்படுத்தல் 20-ஐ அப்போது படித்தால் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

திரும்பும் பஸ் ஒன்றேகால் மணி நேரம் தாமதம். மீன் கூடை பக்கத்தில் நிற்க நேர்ந்தவர்களின் உடுப்பு அடுத்த நாளும் அதைச் சொல்லும்.

டிசம்பர் 3, புதன் – கோட்டார்

சவேரியார் திருவிழாவின் பத்தாம் நாள், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பஸ்களைத் திருப்பிவிட்டார்கள். எங்கே இறக்குவார்கள் என்று டிரைவருக்கே தெரியாமல் கடைசியில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இறக்கினார்கள். கோயில் வாசலில் செருப்பு விட்டால் திரும்பக் கிடைப்பது அதிர்ஷ்டம். பையில் போட்டுக்கொள்வதே புத்தி. ஈத்தப்பழம், சிப்ஸ், வளையல், பீங்கான் கோப்பை என்று கடைகள். மட்டிப்பழம் சீப்பு 60 சொன்னார்கள், பேரம் பேசினால் 50.

பிரான்சிஸ் சேவியர் 1544-ல் இந்தக் கரையில் ஊர் ஊராக நடந்து ஞானஸ்நானம் கொடுத்தவர். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளையையும் தமிழில் பாட்டாகச் சொல்லிக்கொடுப்பது அவருடைய முறை. இறந்தது 1552 டிசம்பர் 3, சீனக் கரைக்கு அருகே சான்சியன் தீவில்.

தேருக்குப் பின்னால் கும்பிடு நமஸ்காரம். சிலர் உருள்கிறார்கள், சிலர் விழுந்து கும்பிட்டு எழுந்து மறுபடி விழுகிறார்கள். இந்துக் குடும்பங்களும் கணிசமாக உண்டு. ரோடு மழையில் நனைந்திருந்ததால் முட்டி தேயவில்லை, ஆனால் சேறு. பக்கத்து வீட்டார் குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து வந்து கேட்காமலே கழுவிவிடுகிறார்கள். "கேட்ட வரம் தரும் கோட்டார் சவேரியார்" என்ற சொலவடையை ஒரு நாளில் நாற்பது தடவையாவது கேட்கலாம்.

உள்ளே இன்னொரு வரிசை, ஒப்புரவுக்கு, அதாவது பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு. கூட்டத்தில் பாதி இதைக் கவனிப்பதே இல்லை. முறை ஐந்து: பாவத்தை நினைத்துப் பார்ப்பது, மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது, குருவிடம் சொல்வது, பரிகாரத்தை நிறைவேற்றுவது. கெடுவது பெரும்பாலும் நான்காவதில். மாமியார் செய்த பாவத்தைப் பத்து நிமிஷம் சொல்லித் தன்னுடையதை ஒரு வரியில் முடிப்பவர்களைப் பற்றிக் குருக்களே வேடிக்கையாகச் சொல்வார்கள். ஐந்தாவதிலும் ஒரு தவறு உண்டு. பரிகாரம் என்பது விலை அல்ல. மூன்று 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்லி எந்தப் பாவத்தின் விலையையும் கட்ட முடியாது. மன்னிப்பு முன்பே வந்துவிட்டது, பரிகாரம் கோணிப்போனதை நிமிர்த்தும் பயிற்சி.

இதற்கு ஆதாரம் காட்டுவது யோவான் 20: பாவங்களை மன்னிக்கும் பொறுப்பு அப்போஸ்தலருக்குக் கொடுக்கப்பட்டது என்பது கத்தோலிக்க வாசிப்பு. அது நற்செய்தியை அறிவிக்கும் பொறுப்பு, திருச்சபை முழுவதற்கும் உரியது என்பது சீர்திருத்தச் சபைகளின் வாசிப்பு. சண்டை அந்த அதிகாரம் யார் கை வழியாக வருகிறது என்பதில். ஊற்று எது என்பதில் இல்லை. ஊற்றுக்கு இரு தரப்பாரும் போகிற இடம் மாற்கு 2, கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரன். 'உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது' என்று யாரும் சொல்லிவிடலாம், நடந்ததா என்று சோதிக்க வழியில்லை. 'எழுந்து நட' என்றால் அடுத்த நொடியில் குட்டு உடையும். சோதிக்க முடிகிறதைச் செய்துகாட்டி, சோதிக்க முடியாததற்கும் தமக்கு அதிகாரம் உண்டு என்று நிறுவினார். வேதபாரகர் அங்கே கேட்ட கேள்வி மிகச் சரியானது: தேவன் ஒருவரே தவிர யார் பாவத்தை மன்னிக்க முடியும்? அந்தக் கேள்வி தவறு என்று இயேசு சொல்லவில்லை.

டிசம்பர் 4, வியாழன் – நெய்யூர்

திங்கள்சந்தையில் இறங்கி ஆட்டோ. மீட்டர் இல்லை, ஏறும்முன் பேசிவிட வேண்டும். 60 கேட்டு 60 வாங்கினார், வழியில் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு அவரிடம் வாங்கவில்லை.

இங்கே 1838-ல் டாக்டர் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணி, திருவிதாங்கூர் மிஷனின் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. 1922 எவரெஸ்ட் குழுவில் ஏறிய ஹோவர்ட் சோமர்வெல், மலையிலிருந்து இறங்கித் தெற்கே வந்து இங்கே காத்துக்கிடந்த நோயாளி வரிசையைப் பார்த்தார். லண்டனில் இருந்த அறுவை மருத்துவர் வாழ்க்கையை விட்டுவிட்டு நெய்யூரிலேயே தங்கினார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் போய்விட்டுத் திரும்பி வந்ததும் இங்கேதான்.

'இரட்சிப்பு' என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. கிரேக்க வினை 'சோட்ஸோ'. அதற்கு ஆபத்திலிருந்து காப்பாற்றுவது, நோயிலிருந்து குணமாக்குவது, பாவத்திலிருந்து மீட்பது மூன்றும் பொருள். தமிழில் மூன்றுக்கும் சேர்ந்த ஒரே சொல் வழக்கில் இல்லை, மொழிபெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கு நிற்காத, பெரும்பாடுள்ள பெண்ணிடம் 'உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது' என்கிறது சீர்திருத்தச் சபைகள் படிக்கும் வேதாகமம். 'உனது நம்பிக்கை உன்னைக் குணமாக்கிற்று' என்கிறது கத்தோலிக்கர் கையிலிருக்கும் திருவிவிலியம். லூக்கா 7-ல் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பெண்ணுக்கு நோயே இல்லை. அங்கேயும் கிரேக்கத்தில் அதே வாக்கியம்தான். திருவிவிலியம் அங்கே 'மீட்டது' என்று மாற்றிக்கொள்கிறது, பழைய வேதாகமம் 'இரட்சித்தது' என்றே விடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் முழுச் சொல்லும் கையில் வரும். ஒரே வீட்டில் மாமியார் கத்தோலிக்கம், மருமகள் சி.எஸ்.ஐ. என்று இங்கே நிறைய உண்டு. அவர்களுக்கு இது சுலபம்.

யாக்கோபு 5-லும் 'விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்' என்று அதே வினை வருகிறது. மூப்பர் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். நெற்றியில் தொட்டு வைக்கத் துளி போதும், தலையில் ஊற்ற வேண்டியதில்லை. நோயாளி அழைப்பதுதான் முறை. அழைக்காத வீட்டில் கூட்டமாகப் போய் நின்று சத்தமாக ஜெபித்து அவருக்கு ரத்தக்கொதிப்பை ஏற்றிவிடக் கூடாது. இதைவிட மோசமானது, ஜெபம் முடிந்ததும் இன்சுலினை நிறுத்தச் சொல்வது. சர்க்கரை ஏறிப் புண் அழுகி, காலை எடுக்கிற நாளில்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். பவுலின் கூட்டாளி துரோப்பீமு மிலேத்துவில் நோயாளியாகவே விடப்பட்டான். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம். அப்போஸ்தலனுக்கு இல்லாத உத்தரவாதத்தை மேடையில் நின்று வழங்குபவர்களிடம் இருப்பது இரவல் அதிகாரம் கூட இல்லை.

இரவு ஓலைக் கொழுக்கட்டை. பனங்குருத்தோலையில் மாவை அடைத்துக் கட்டி அவித்தது. ஒன்று 15 ரூபாய், இரண்டோடு வயிறு போதும் என்றது.

டிசம்பர் 5, வெள்ளி – கன்னியாகுமரி

மேகத்தால் சூரிய உதயம் தெரியவில்லை. பார்க்க வந்தவர்கள் சுண்டல் தின்றுவிட்டுப் போனார்கள். கரையோரத்து வெள்ளைக் கோபுர ஆலயத்தின் மாதாவுக்கு இலத்தீன் வழக்கில் 'மீட்பு விலையின் அன்னை' என்று பொருள்படும் பெயர். கடல்கொள்ளையரிடம் அகப்பட்ட அடிமைகளை விலை கொடுத்து மீட்க 1218-ல் பார்சிலோனாவில் தொடங்கிய சபையிலிருந்து வந்த பக்தி அது. ஊரார் சொல்வது அலங்கார உபகார மாதா.

மீட்பு என்ற சொல் இந்த மாவட்டத்தில் கோயிலில் கேட்பதைவிட அடகுக்கடையில் அதிகம் கேட்கும். மாற்கு 10:45-ம் அந்தக் கணக்குத்தான்: 'அநேகரை மீட்கும்பொருளாக'. நகை நம்முடையது, அடகில் கிடக்கிறது, யாரோ பணம் கட்டுகிறார். உவமை இவ்வளவு தூரம் சரி. பணத்தை வாங்கியது யார் என்று கேட்டால் தகராறு. ஆதிச்சபை அறிஞர் ஓரிகன் பிசாசு என்றார். பின்னால் வந்த ஆயர் நசியான்சு கிரகோரி அதைக் கேட்கவே கூசினார், கொள்ளைக்காரனுக்கா தேவகுமாரனை விலை கொடுப்பது? இறையியலாளர் ஆன்செல்ம் 11-ம் நூற்றாண்டின் கடைசியில் கணக்கையே கடவுளின் நீதிப் பக்கம் திருப்பினார். ரசீது யார் பேரில் என்பதைச் சுவிசேஷம் எழுதவில்லை.

டிசம்பர் 6, சனி – குழித்துறைப் பக்கம்

ஒரு சிறிய பெந்தெகொஸ்தே சபையின் ஞானஸ்நானம், காலை ஆறரைக்கு. ஆற்றில் கலங்கல். இந்தத் தாமிரபரணி திருநெல்வேலிக்காரருடையது அல்ல, குமரிக்கென்று தனியாக ஓடுவது. நீர் இறங்காவிட்டால் சபைக்குப் பின்னால் கட்டியிருக்கும் தொட்டிதான் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். கடவில் கம்பை ஊன்றிப் பார்த்து, ஓரத்திலேயே நடத்தலாம் என்று முடிவு.

முழுக்கு ஞானஸ்நானத்தின் கைவேலையைத் தெரிந்துகொள்வது நல்லது. இடுப்பளவு நீர் வேண்டும். முழங்காலளவு என்றால் ஆளைச் சாய்க்க முடியாது, மார்பளவு என்றால் கால் தரையை விட்டுவிடும். ஞானஸ்நானம் கொடுப்பவர் ஒருவர், துணைக்கு ஒருவர், கரையில் துண்டோடு ஒருவர். வெள்ளை உடுப்பின் விளிம்பு நீரில் குடையாக விரியும், அதனால் பெண்களுக்குச் சுடிதார் வசதி. கைகள் மார்பில் குறுக்காக. தலை ஓட்டம் வருகிற பக்கம், கால் ஓட்டம் போகிற பக்கம். மாற்றி நிறுத்தினால் நீர் மூக்குக்குள் ஏறும், தூக்குவதும் பாடு. தலைப்பக்கம் சரியாக இருந்தால் நிமிர்த்துவதற்கு ஆறே கைகொடுக்கும். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று மத்தேயு 28-ன் வாய்பாட்டைச் சொல்லி முடித்த பிறகு சாய்க்க வேண்டும். சொல்லிக்கொண்டே சாய்த்தால் உள்ளே போனவருக்குப் பாதி கேட்காது.

வாய்பாட்டுக்கு முந்தின வசனத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது' என்பதற்குப் பிறகுதான் 'ஆகையால்' போய் ஞானஸ்நானம் கொடுங்கள் என்று வருகிறது. பாஸ்டர் இரண்டையும் சேர்த்தே வாசித்தார். குழந்தைக்கு மூன்று முறை நீர் ஊற்றும் கத்தோலிக்கரும், குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்துப் பின்னர் பேராயர் கையால் திடப்படுத்தும் சி.எஸ்.ஐ.யாரும் இதே வசனத்தில்தான் நிற்கிறார்கள். தண்ணீரே இல்லாமல் கொடியின் கீழ் உறுதிமொழி எடுக்கும் இரட்சணிய சேனையாரும் அந்த அதிகாரத்தை மறுப்பதில்லை. ஓடும் நீர் இல்லையென்றால் வேறு நீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்று ஆதிச்சபையின் திதாகே என்னும் சிறு ஏடு சொல்கிறது. முதல் தலைமுறைகளே இதில் இறுக்கிப் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. முழுக்குக்காரர்கள் அந்த ஏட்டை அதிகம் காட்டுவதில்லை.

ஏழு பேர். நாலாவது ஆள், கல்லூரிப் பையன், பாசியில் வழுக்கி ஞானஸ்நானத்துக்கு முன்பே ஒரு முழுக்குப் போட்டுவிட்டான். "இது கணக்குல சேராது மக்கா, வா" என்று பாஸ்டர் கையைப் பிடித்து நிறுத்தினார். கரையில் பாடிக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பில் சுருதி விட்டார்கள்.

கடைசியாக எழுபது தாண்டிய ஓர் அம்மா. சாய்க்கும்முன், "இயேசுவை உன் ஆண்டவராகவும் இரட்சகராகவும் ஏத்துக்கிறியா அம்மச்சி?" என்று கேட்டார். ஆண்டவர், இரட்சகர் என்று இரண்டு சொல்லும் தனித்தனியாக. "ஏத்துதேன் மக்களே, சீக்கிரம், வெள்ளம் ஐசாட்டு கெடக்கு" என்றார் அம்மச்சி. போய் வந்தபோது மூச்சு வாங்கியது. துண்டைப் போர்த்தி, கருப்பட்டிக் கடுங்காப்பியை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள் பேத்தி. பாஸ்டர் மட்டும் இன்னும் தண்ணீரில் நின்று, கரையிலிருந்து ஒரு கை மணலை அள்ளி வழுக்கின படியில் தேய்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது ஆள் ஒருவர் உண்டாம், மார்த்தாண்டம் பஸ் வரவில்லை.